நாகமணியின் எம்டன்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் மனைவி வாகீஸ்வரி சொல்லுவாள். சொல்லட்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக உத்தியோகம் பார்த்துப் பார்த்தால்தான் தெரியும். கையில் கொடுத்த கொயினா மாத்திரையை லயத்து வீடுகளுக்குப் பின்னால் துப்பிவிட்டு, மறுநாள் வந்து "காச்சல் இன்னும் வுடலீங்க" என்று நிற்கிறவர்களோடு காலம் தள்ளுகிறவனுக்குக் கோபம் வராவிட்டால் அவனை முதலில் கட்டிலில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் நாகமணி விஷயத்தில் எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலாய் நாட்டில், கம்போங் குவாந்தானைத் தாண்டி ஆற்றோரமாக வந்தால் எங்கள் தோட்டம். ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போன சமயத்தில் சுங்கை சோ பக்கத்துத் தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்ததில் ஒரு சிலர் இருபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி நாகமணி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெடுநெடுவென்று உயரம், எடுப்பான முகம், கூட வர ஆள் கிடையாது. புது ஆட்களை நான் சோதித்து அனுப்புவது வழக்கம். மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றவளிடம் பெயரைக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஏறிவிட்டது. குரலை உயர்த்தினேன்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "அந்தக் காது கேக்காது ஐயா. இந்தப் பக்கம் வந்து திட்டுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இடக் காதைப் பார்த்தேன். உள்ளே சவ்வு கிழிந்து, ஆறி, பழைய சங்கதியாகிவிட்டிருந்தது. எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"குண்டு ஐயா" என்றாள்.

"எந்தக் குண்டு?"

"பட்டணத்துல."

பட்டணத்தில் எவனோ ஒரு குண்டன் ஓங்கி அறைந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். புருஷனாக இருக்கும், அடி தாங்காமல் கப்பலேறி இருப்பாள் என்று கதையையும் நானே முடித்துவிட்டேன். அன்றைக்கு நோயாளிகள் வாசல்வரை நின்றார்கள். மேற்கொண்டு கேட்க நேரமில்லை.

பழைய ஆயா ஊருக்குத் திரும்பிப் போய்விட்டதால் பிள்ளைக் கொட்டகைக்கு ஆள் தேவைப்பட்டது. ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியும் முன்னே கைக்குழந்தைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். பிறகு பால் கொடுக்க ஓடி வருவார்கள். அந்தக் கொட்டகை என் பொறுப்பு. நாகமணி தானாகவே வந்து கேட்டாள்.

"புள்ளைங்க கொட்டாய எனக்குக் குடுங்க ஐயா. வேற இன்னா வேலையும் வேணாம்."

"உனக்குக் காது கேட்காதே" என்றேன்.

"ஒண்ணு கேக்குமே" என்றாள்.

கொடுத்தேன். கொடுத்ததற்கு வருத்தப்பட ஒன்றும் இல்லை. எந்தக் குழந்தையைத் தூக்கினாலும் வலத் தோளில்தான் போட்டுக்கொள்வாள். தூளிகளையெல்லாம் தன் வலப்பக்கமாக இழுத்துக் கட்டிக்கொண்டாள். எந்தக் குழந்தை எதற்கு அழுகிறது என்று தூளியை விலக்கிப் பார்க்காமலே சொல்லுவாள். கொட்டகைக்குப் பின்னால் புதிதாக வெட்டி இன்னும் தண்ணீர் விடாத வடிகால் ஒன்று காய்ந்து கிடந்தது. அதையும் தினமும் இறங்கிப் பெருக்கினாள். கோணிச் சாக்குகளை உதறி வெயிலில் காயவைத்து, மடித்து, கொட்டகை மூலையில் அடுக்கி வைத்தாள். இவ்வளவு சுத்தம் பார்க்கிற ஆயாவை நான் கண்டதில்லை என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடமே பெருமையாகச் சொன்னேன். அவர் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். அது பாராட்டு.

ஒரே ஒரு கேள்விதான் அவள் என்னிடம் கேட்டாள். "இங்கேருந்து கடலு எவ்ளோ தூரம் ஐயா?" கலங்கரை விளக்கக் குன்றைக் காட்டி, அதற்கு அந்தப் பக்கம் கடல்தான் என்றேன். குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காற்று வாங்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இப்போது உடையப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றுப் பக்கத்து லயத்தில் இருந்தான். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்தவன். நல்ல பால்வெட்டுக்காரன். மாரியம்மன் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடுவது அவன்தான். இரும்புக் குழாய்களை மண்ணில் நட்டு, மருந்தை இடித்து அடைத்து, நீளக் கம்பின் நுனியில் தீயை வைத்து அவன் ஒன்று போட்டால் ஆற்றுக்கு அந்தக் கரையில் மலாய்க்காரர் கோழிகள் கூரையேறும். அதனால் தோட்டம் முழுக்க அவனை எம்டன் என்றுதான் கூப்பிட்டது. உடையப்பன் என்று கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

எம்டன் என்பது ஜெர்மன்காரன் போர்க்கப்பலின் பெயர். பதினாலாம் வருஷச் சண்டையில், ஒரு புரட்டாசி மாத இரவில், சென்னைப் பட்டணத்துக் கடலுக்கு வந்து குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த மாதமே பினாங்குக்கும் வந்து போனது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் அந்தக் கப்பலை என்ன செய்தார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. கெட்டிக்காரனைப் பார்த்தால் எம்டன். கண்டிப்பான மாமனார் எம்டன். சண்டைச் சேவல் எம்டன். பத்து வருஷத்துக்குள் அது கப்பல் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று.

நாகமணிக்கு மறக்கவில்லை. அந்தச் சொல் ஊரில் இப்படி வேஷம் மாறுவதற்குள் அவள் கப்பலேறி வந்துவிட்டாள். சுங்கை சோவில் தெலுங்குக்காரர்களோடு இருந்தாள். அங்கே யாரும் எதையும் எம்டன் என்று சொன்னதில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம். வெடிமருந்து வாங்கக் கிள்ளானுக்குப் போயிருந்த உடையப்பன் மாட்டுவண்டியில் வந்து இறங்கினான். நல்லசாமிக் கங்காணிக்குச் சந்தோஷம் தலைக்கேறினால் வாய் தோட்டத்து மணியைவிடப் பலமாக அடிக்கும். கொட்டகை ஓரமாகப் போகிற பாதையில் நின்று கத்தினார்.

"எம்டன் வந்துட்டான்டா, மருந்தோட வந்துட்டான். இனிமே வெடிக்க வேண்டியதுதான்."

அது நாகமணியின் நல்ல காதில் விழுந்தது.

மருந்து காய்ந்திருக்கிறதா என்று பார்க்க உடையப்பன் கோயில் பக்கத்தில் ஒரு குழாயை நட்டு ஒன்று போட்டான். வருஷா வருஷம் போடுவதுதான். எனக்கு மேசையில் மருந்துப் புட்டி ஆடியது. வழக்கம்போலத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

சற்று நேரத்தில் புஷ்பவள்ளி தன் மகனுக்குப் பாலூட்ட வந்தாள். கொட்டகையில் ஆள் இல்லை. தூளி எல்லாம் தொங்குகிறது, ஒன்றிலும் குழந்தை இல்லை. அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது தோட்டத்தில் ஒரு வதந்தி. எங்கோ பாலம் கட்டுகிறார்களாம், அஸ்திவாரத்தில் வைக்கக் குழந்தைத் தலை தேடுகிறார்களாம். எவன் கிளப்பினானோ. அதை நினைத்துக்கொண்டு தாய்மார் பால் வாளியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். நான் ஒரு காலில் செருப்போடு ஓடினேன். கங்காணி கத்தியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார், யாரை வெட்டவென்று அவருக்கே தெரியாது.

கடைசியில் ஒரு குழந்தை சிரித்ததால் கண்டுபிடித்தோம். சத்தம் வடிகாலிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். பெருக்கிச் சுத்தமாக இருந்த அந்த வாய்க்காலில் சாக்கு விரித்து, குழந்தைகளை நெருக்கி நெருக்கிப் படுக்கவைத்து, மேலே இன்னொரு சாக்கைப் போர்த்தி, அதற்குமேல் முழங்கையும் முழங்காலும் ஊன்றிக் கவிந்திருந்தாள் நாகமணி. ஒரு குழந்தைமேலும் அவள் பாரம் படவில்லை.

புஷ்பவள்ளி தன் மகனைப் பிடுங்கப் போனாள். நாகமணி அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"படும்மா, பேசாம படு. கப்பல் இன்னும் போவல."

விஷயம் புரிய எங்களுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் கங்காணி சிரித்தார். பிறகு தோட்டமே சிரித்தது. உடையப்பனுக்குப் பயந்து ஆயா குழந்தைகளோடு குழிக்குள் ஒளிந்தாளாம் என்று அடுத்த தோட்டம்வரை பேச்சு போய்விட்டது. சிரிக்காதவர்கள் தாய்மார் மட்டும். மறுநாள் பாதித் தூளி காலி. தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டே பால் வெட்டப் போனார்கள். கங்காணி துரையிடம் போய், அவளைப் புல்வெட்டுக்கு அனுப்பச் சொன்னார். கொட்டகை டிரஸ்ஸர் பொறுப்பு, திருவிழா முடியட்டும், பிறகு டிரஸ்ஸரே முடிவு சொல்லட்டும் என்று துரை என் தலையில் கட்டிவிட்டார்.

நாகமணியைக் கூப்பிட்டு அனுப்பினேன். புல்வெட்டு என்று காதில் விழுந்தவுடன் அவள் முகம் போன போக்கைப் பார்த்து என்னால் அதட்ட முடியவில்லை. வாகீஸ்வரி உள்ளேயிருந்து வந்து, அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, வலப்பக்கமாகவே, தேத்தண்ணி கொடுத்தாள். பிறகுதான் நாகமணி சொன்னாள்.

அவள் புருஷன் ஏற்கெனவே பேதியில் போய்விட்டிருந்தான். ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், கைக்குழந்தையோடு இருந்தாள். பெண் குழந்தை. இராச் சாப்பாடு முடித்துப் படுத்தபோது குண்டு விழுந்தது. வீட்டின்மேல் விழவில்லை, தெருக்கோடியில் விழுந்தது. இடக் காது அப்போதே போயிற்று. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. விடிந்ததும் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அவளும் கூட்டத்தோடு வடக்கே நடந்தாள். மழை. மரத்தடியில் கிடந்தார்கள். குட்டைத் தண்ணீர்தான் குடிக்கக் கிடைத்தது. குழந்தைக்கு வயிற்றால் போயிற்று.

"அது அழுதுக்கினே இருந்துதாம். பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க" என்றாள். "நான் இந்தக் காதுப் பக்கமா போட்டுக்கினு தூங்கிட்டேன். எனக்குக் கேக்கல."

வாகீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி வந்தப்புறம் ஒரு சிப்பாய் சொன்னாரும்மா. அவ்ளோ தூரம் ஓடியிருக்கவே வேணாம், கிட்ட ஒரு பள்ளம் இருந்தா அதுல படுத்திருந்தா போதும்னாரு. அத்தத்தான் நெனப்புல வெச்சிக்கினு கீறேன். எங்க போனாலும் கிட்ட பள்ளம் கீதான்னு பாப்பேன்."

வடிகால் பெருக்கியதும் சாக்கு அடுக்கியதும் எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்த நாளில் நானும் பத்திரிகை படித்தவன். சென்னையில் சேதம் அதிகமில்லை, செத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்று படித்துவிட்டு, தப்பித்தார்கள் என்று அடுத்த பக்கம் புரட்டியிருப்பேன். மரத்தடியில் பேதியில் போன பிள்ளையை எந்தக் குண்டின் கணக்கில் எவன் எழுதினான்? கப்பல்காரன்மேல் கோபப்படுவதா, பத்திரிகைக்காரன்மேலா, அதைப் பெயராக்கிச் சிரித்த எங்கள் எல்லார்மேலுமா? வாய்விட்டுத் திட்டக்கூட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாகீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அந்தக் கப்பல் தாண்டு போன கதையை ஆராவது இவளுக்குச் சொன்னதோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவரும் சொல்லவில்லை. நாகமணிக்கு அந்தக் கப்பல் இன்னும் கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. பினாங்குக்கு வந்தது, கிள்ளானுக்கு வரும், கோல சிலாங்கூருக்கு வரும். எட்டு வருஷமாக அவள் அதை எதிர்பார்த்துக்கொண்டு பள்ளம் தேடியிருக்கிறாள்.

நான் சொன்னேன். அதே வருஷம் ஐப்பசி மாதத்திலேயே, ஜாவாவுக்குத் தெற்கே ஒரு தீவுப் பக்கம், ஆஸ்திரேலியாக்காரன் கப்பல் அதை அடித்து நொறுக்கியது. பவளப்பாறைமேல் ஏறி எரிந்துபோயிற்று. வெறும் இரும்புதான் மிச்சம். கடலில் மூழ்கித் தாண்டு போகவில்லை, பாறைமேல்தான் கிடக்கிறது என்று மனைவியையும் திருத்தினேன். இந்த நேரத்தில் அது ஒரு கேடு என்பதுபோல் அவள் பார்த்தாள்.

"மெய்யாலுமா ஐயா?"

"மெய்தான்."

"ஐப்பசியிலயா?" என்று கேட்டு, விரலை மடக்கிப் பார்த்தாள். "எங்கொழந்த போயி ரெண்டு மாசங்கூட ஆவல." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. வாகீஸ்வரியைக் கேட்டால் இரண்டும்தான் என்கிறாள்.

வெளியே வந்தபோது உடையப்பன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தான். தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தான், அதில் ஈரமே இல்லை.

"டிரஸ்ஸரையா, அது கப்பல் பேருன்னு எனக்குத் தெரியும். இம்புட்டு இருக்கும்னு தெரியாதுங்க."

மறுநாள் விடியற்காலைப் பிரட்டில், ஆட்கள் பெயர் கொடுக்க நிற்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். "இனிமே என்னய எவனாச்சும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா, இந்த வருசம் வேட்டு கெடையாது. அம்புட்டுத்தான்." வேட்டு இல்லாத திருவிழாவா? தோட்டம் பணிந்தது. ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா? எம் என்று ஆரம்பித்துவிட்டு விழுங்கினார்கள். கங்காணி ரொம்ப யோசித்து, கப்பல் என்று கூப்பிடலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

பெயர் போயிற்று. தூளிகள் காலியாகவே இருந்தன. அவளுடைய கதையைச் சொன்னால் மனம் இளகும் என்று நானே லயத்துக்குப் போய்ப் புஷ்பவள்ளியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பாவந்தாங்க." என்றாள். "அதுக்காவ எம்புள்ளய சாக்குல சுத்தி மண்ணுல போடணுமாங்க? அடுத்த தடவ ஆத்துல போட்டா?"

டிரஸ்ஸராக யோசித்தால் அவள் சொல்வதும் சரி.

நாகமணி காலித் தூளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மிச்சம் வந்த நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். திருவிழா முடிந்ததும் அவளைப் புல்வெட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் உடையப்பன் கொட்டகைக்குப் போயிருக்கிறான். அவள் வலப்பக்கமாகச் சுற்றி வந்து நின்று, "நாளைக்கு வேட்டுப் போடணும். போடவா வேணாமா, நீ சொல்லு" என்று கேட்டிருக்கிறான். அவள் தூளியை ஆட்டுவதை நிறுத்தினாளாம்.

"போடு. சாமிக்குப் போட வேண்டியத நான் எதுக்குத் தடுக்கப் போறேன். ஆனா புள்ளைங்கள முதல்ல இங்க கொண்டாரச் சொல்லு. காதெல்லாம் பொத்திட்டு துணிய ஆட்டுறேன். அப்பால போடு."

மறுநாள் சப்பரம் கோயிலைச் சுற்றி வந்து நின்றது. மேளம் ஓய்ந்தது. துரையும் துரைசாணியும் நாற்காலியில். எல்லாத் தாய்மாரும் வழக்கம்போலக் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேட்டுக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றார்கள். வருஷா வருஷம் இதற்கு நான் கத்துவேன், முந்தின வருஷம் ஒரு குழந்தைக்கு வலிப்பே வந்தது, ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. உடையப்பன் தீக்கம்பைக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"போடப்பா" என்றார் கங்காணி.

"கைப்புள்ளைக எல்லாம் அங்கிட்டுக் கொட்டாய்க்குப் போகணும். ஆயா காதப் பொத்தும். அது துணிய ஆட்டுனாத்தான் போடுவேன்."

சாமி காத்திருந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். முணுமுணுப்பு எழுந்தது. முதலில் ஒருத்தி போனாள், பின்னால் இன்னும் இருவர், பிறகு எல்லாரும். புஷ்பவள்ளி மட்டும் நின்றாள். உடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

நானும் கொட்டகைக்குப் போனேன். நாகமணி தாய்மாரை வரிசையாக உட்காரவைத்து, யார் யார் எந்தக் காதை மாரோடு அணைத்து எந்தக் காதைக் கையால் மூட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. கடைசியாக வந்த புஷ்பவள்ளியிடமும் காட்டினாள். புஷ்பவள்ளி இரண்டு தடவை செய்து பார்த்தாள். மகன் திமிறினான். சட்டென்று அவனைத் தூக்கி நாகமணியின் மடியில் வைத்தாள்.

"நீயே பொத்து. ஒங்கிட்டதான் அடங்குவான்" என்றாள்.

நாகமணி அவனை அணைத்துக்கொண்டு, ஒரு கையால் காதை மூடி, மறுகையால் தூளித் துணியை எடுத்து ஆட்டினாள். ஆட்டிவிட்டுத் தன் கேளாத காதை வேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். வேட்டு அதிர்ந்தது. கூரைத் தகரம் நடுங்கியது. ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. அவள் கண்ணை மூடவில்லை.

"பயமா இருந்ததோ?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டுப் போட்டா அது வெறும் சத்தந்தானே ஐயா" என்றாள். "அன்னிக்கு எங்களுக்கு யாரு சொன்னாங்க."

மறுநாள் விடியற்காலையில் தூளிகள் நிறைந்திருந்தன. நான் துரையிடம் போய் முடிவைச் சொல்வதற்குள், நல்லசாமிக் கங்காணி முந்திக்கொண்டு, ஆயாவை மாற்ற வேண்டாம் என்று தானே டிரஸ்ஸரிடம் சொல்லி வைத்ததாக அளந்துவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் சில நாள் கோபம் வராமல் இருக்கும்.

அதற்குப் பிறகு உடையப்பனுக்குக் கொட்டகைப் பக்கம் வேலை அதிகமாயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம், நாளைக்கு வெடி உண்டு என்று சொல்ல வருவான். சீனப் புத்தாண்டு வருகிறது, கடைத்தெருவில் பட்டாசு கொளுத்துவார்கள் என்று சொல்ல வருவான். ஒருநாள், நாளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்தான்.

வாகீஸ்வரி சன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "வெடி இல்லையெண்டு சொல்லவும் ஒரு ஆள் நடந்து வருதே. உதுக்கு நாள் பாக்க வேண்டியதுதான்."

இருபத்தைந்தாம் வருஷம் மாரியம்மன் சந்நிதியில் அவளுக்குத் தாலி கட்டினான். மேளம் மட்டும்தான், வெடி இல்லை. வடிகாலில் அதற்குள் தண்ணீர் விட்டிருந்தார்கள். நாகமணி, தவளைச் சத்தம் பிள்ளைகளைத் தூங்கவிடவில்லை என்று மட்டும் என்னிடம் குறைப்பட்டாள். சாக்குகள் மூலையில் இருந்தன. அவற்றை நானும் எடுக்கச் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான். குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்தவுடன், மற்றத் தாய்மார் விரலை எண்ணுவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். இவள் ஒரு காதருகே சொடக்குப் போட்டாள், மறுகாதருகே சொடக்குப் போட்டாள். குழந்தை இரண்டுக்கும் உடம்பைத் தூக்கிப் போட்டது. அதற்கப்புறம்தான் நாகமணி தலையணையில் சாய்ந்தாள். உடையப்பனுக்குச் சேதி சொன்னபோது, "ரெண்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

இந்த வருஷத் திருவிழாவோடு முடிக்கிறேன். பிள்ளைகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோவது இப்போது தோட்டத்து வழக்கமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படியே செய்கிறார்கள். சப்பரம் நின்றது, மேளம் ஓய்ந்தது. உடையப்பன் தீக்கம்போடு கொட்டகையைப் பார்த்து நின்றான். துணி ஆடவில்லை.

கங்காணி பொறுத்துப் பார்த்தார். "போடப்பா, நேரமாவுது."

"அது இன்னும் சொல்லல" என்றான் உடையப்பன்.

நான் நாகமணிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவள் எப்போதோ தலையை ஆட்டிவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்? இரண்டு கையும் தன் மகளின் இரண்டு காதிலும் இருந்தன. ஒரு கையை எடுத்தால் ஒரு காது திறந்துவிடும். எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். நான் ஆட்டுகிறேன் என்று துணியைத் தேடினேன், அது எங்கேயோ குழந்தைகளுக்கு அடியில் கிடந்தது. மறுபடியும் தலையை ஆட்டினாள். அங்கே அவன் அசையவில்லை.

தோட்டத்தில் ஏழு வருஷமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். நாகமணியோ பிறந்ததிலிருந்தே சொல்லியிருக்க மாட்டாள். நாகமணி கழுத்தை நீட்டி, குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடலுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"ஏ எம்டன், போடு."

மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பவள்ளி தன் பிள்ளையின் காதைவிட்டுத் தன் வாயைப் பொத்தினாள். நாகமணி சிரித்துக்கொண்டிருந்தாள். உடையப்பன் கம்பைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். நல்லசாமிக் கங்காணிதான் அவன் கையைப் பிடித்துத் தீயைக் குழாயில் வைக்க வேண்டியிருந்தது.